ராகு காலத்தில் ஏறிய படகு

1

சென்ற மாதம் சென்னப்பட்டணத்துக் கப்பலில் வந்து இறங்கிய நம் பக்கத்து ஆள் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். தேநீரை ஆற்றிக் குடித்துக்கொண்டே, ஊரில் என்னைப் பற்றி அடிபடும் பேச்சை ஒன்றுவிடாமல் சொன்னார். மோரீஸ் தீவில் இருக்கிற வேலாயுதம், தன் மகளைப் பெண் பார்க்க வந்த பெரிய மனிதரைப் படகில் ஏற்றி, நடு ஆற்றில் வைத்து அவமானப்படுத்தி அனுப்பிவிட்டானாம். தேடி வந்த சம்பந்தத்தைக் காலால் எட்டி உதைத்தானாம். கரும்புத் தோட்டம் நாலு காணி சேர்ந்ததும் கண் தலைக்கு மேலே போய்விட்டதாம்.

கடல் தாண்டி இவ்வளவு தூரம் வந்த பிறகும் என் வீட்டு விஷயத்தில் உங்களுக்கு இத்தனை அக்கறை இருப்பது சந்தோஷம்தான். ஆனால் பேச்சு போகும் வழியில் கை கால் முளைத்துப் போயிருக்கிறது. நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். இந்தத் தையோடு அது நடந்து ஒரு வருஷம் ஆகிறது. அவமானம் நடந்தது உண்மை. யார் யாரை என்பதில்தான் நீங்கள் கேள்விப்பட்டது தப்பு.

2

நாங்கள் இருப்பது கான் தெ மாஸ்க். நாலு பக்கமும் கரும்பு. ஒப்பந்தம் முடிந்து எஸ்டேட்டை விட்டு வெளியே வந்தபோது, வெள்ளைக்காரர் வேண்டாம் என்று தள்ளிய கல் நிலத்தைத்தான் எங்களைப் போன்றவர்களுக்கு விற்றார்கள். அந்தக் கல்லைப் பொறுக்கிப் பொறுக்கி வயலின் நடுவே குவித்திருக்கிறோம். பார்க்கிறவர்கள் ஏதோ கோவில் கட்ட ஆரம்பித்துப் பாதியில் விட்ட மாதிரி இருக்கிறது என்கிறார்கள். கல் போன இடத்தில் கரும்பு நிற்கிறது, அது போதும் எனக்கு.

சர்க்கார் கச்சேரியில் என் பெயரைத் தங்கள் வாயில் நுழைந்த மாதிரி எழுதிக்கொண்டார்கள். 'வெலாய்டோன்' என்று ஏதோ ஒன்று. திருத்தச் சொல்லி மூன்று முறை நடந்தேன். கடைசியில் அந்தக் கோணல் பெயரே என் பிள்ளைகளுக்கு வம்சப் பெயராகிவிட்டது. அவர்கள் அதைப் பெருமையாக எழுதிப் பழகினார்கள். நான் என்ன சொல்ல?

பிள்ளைகள் இருவர், இருவரும் பெண்கள். பெரியவள் ராசம்மா, பட்டணமான போர்ட் லூயிசில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். மாப்பிள்ளைக்குத் துறைமுகத்தில் கணக்கெழுதும் வேலை. இளையவள் சிவகாமி. கோவிலில் தேவாரம் பாடச் சொன்னால் தட்டுத்தடங்கல் இல்லாமல் பாடுவாள். குடம் ஒழுகுகிறது என்று சொல்ல, இந்தத் தீவின் பிரெஞ்சுக் கலப்புப் பேச்சான கிரியோல் வேண்டும் அவளுக்கு. மாட்டைக் கூப்பிடுவதும் கிரியோலில்தான், மாடும் அதற்குத்தான் திரும்பிப் பார்க்கிறது. எத்தனையோ தடவை திட்டிப் பார்த்தேன். அவள் சிரிப்பாள், அதே கிரியோலில் ஏதோ சொல்வாள், அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள். என் வீட்டில் தனி ஆளாக நின்று தமிழுக்குக் கத்துகிறவன் நான் ஒருவன்.

சிவகாமிக்கு ராசம்மா பார்த்த இடம் பட்டணத்துத் துணிக்கடைக்காரர் வீடு. அவர்கள் எங்களைப் போல ஒப்பந்தக் கூலியாக வந்தவர்கள் இல்லை. சொந்தக் காசில் கப்பலேறி வியாபாரத்துக்கு வந்தவர்கள். இந்த வித்தியாசம் உங்களுக்கு அங்கே தெரியாது. இங்கே சோற்றுப் பந்தி வரைக்கும் தெரியும்.

பெண் பார்ப்பதை எங்கே வைத்துக்கொள்வது என்பதில் இழுபறி. சேற்றில் வண்டியேறிக் கான் தெ மாஸ்க் வரத் துணிக்கடைக்காரருக்கு இஷ்டமில்லை. பெண்ணை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்ட எனக்கு இஷ்டமில்லை. அப்போது ராசம்மா ஒரு யோசனை சொன்னாள். பட்டணத்தின் ஓரத்தில் ஓடுகிற கிராந்த் ரிவியேர் ஆற்றில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாய் கட்டிய படகில் ஏழெட்டுப் பேராக ஏற்றிக்கொண்டு போகிறார்கள். இரும்புப் பாலம் வரை மேலே போய், திரும்பி முகத்துவாரம் வந்து, சூரியன் கடலில் விழுவதைப் பார்த்துவிட்டுக் கரையேறுவது. துரைமார் வீட்டுப் பெண்கள் இப்படிப் போகிற பழக்கம் இப்போது நம்மவர்களிலும் வசதியானவர்களிடம் தொற்றியிருக்கிறது. யார் வீடும் இல்லை, யாருக்கும் குறைவில்லை என்றாள்.

அந்த ஆற்றின் பெயரைக் கேட்டதும் அலமேலு என் முகத்தைப் பார்த்தாள். அலமேலு என் மனைவி.

3

இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

ஒப்பந்தம் முடிந்த கூலி அந்தக் காலத்தில் இந்தத் தீவில் சும்மா நடக்க முடியாது. படம் ஒட்டிய சீட்டு ஒன்று கையில் இருக்க வேண்டும். ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டம் போனால் போலீசிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். இல்லையென்றால் நீ வேலையில்லாத நாடோடி. தெருவில் போகிற எந்தப் போலீஸ்காரனும் பிடித்துக்கொண்டு போகலாம். அப்படிப் பிடித்தவர்களை அடைத்து வைக்க இந்த ஆற்றங்கரையில்தான் மதில் எழுப்பி ஒரு பட்டி வைத்திருந்தார்கள். மாட்டுக்குக் கட்டுகிற பட்டி இல்லை, மனிதருக்கு.

நான் அப்போது இளைஞன். பட்டணத்தில் பாலத்தடியில் காய்கறி விற்கும் ஒருவருக்குப் பெண் இருக்கிறது, வந்து பார் என்று செய்தி வந்தது. துவைத்த வேட்டி, புதுத் துண்டு, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். விடியற்காலையில் கிளம்பி நடந்தேன். படம் ஒட்டிய சீட்டு மடியில் இருந்தது. மாவட்டம் தாண்ட வேண்டிய சீட்டை வாங்கப் போனால் எழுத்தர் நாளைக்கு வா, மறுநாள் வா என்று அலைக்கழித்ததால் வாங்கவில்லை. பாலத்தடிக்குக் கூப்பிடு தூரத்தில் பிடித்துவிட்டார்கள். பெண் பார்க்கப் போகிறேன் என்று சொன்னேன். வாழைப்பழத்தைப் போலீஸ்காரன் தின்றான்.

கொஞ்ச நாள் உள்ளே கல் சுமந்தேன். ஆற்றிலிருந்து தண்ணீர் சுமந்தேன். வெளியே வந்ததும் நேரே காய்கறிக்காரர் வீட்டுக்குப் போனேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன். பெண் சம்மதம் சொல்லிவிட்டாள் என்றார். அந்தப் பெண்தான் அலமேலு. ஏன் சம்மதித்தாள் என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கிடைத்தது கிடைத்ததென்று தாலியைக் கட்டிவிட்டேன்.

இது கான் தெ மாஸ்கில் எல்லோருக்கும் தெரியும். அங்கே பாதி வீட்டுக் கிழவர்கள் உள்ளே இருந்து வந்தவர்கள்தான். பட்டணத்தில் ராசம்மாவின் புகுந்த வீட்டுக்கு மட்டும் தெரியாது. படகுக்கு முந்தின நாள் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, அந்தச் செவுத்தப் பாத்ததும் வாயத் தொறந்துடாதீங்க. தங்கச்சி வாழ்க்கை. ஒரு சாயங்காலம்தானே" என்றாள். கண் கலங்கியிருந்தது. சரி என்று வாக்குக் கொடுத்தேன். எனக்கு வாயை மூடுவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும்.

4

படகோட்டி பாஸ்கால் என்ற கிரியோல்காரன். ஞானஸ்நானம் வாங்கிய குடும்பம், ஆனால் வீட்டுப் பெயர் முத்து. தமிழ் ஒரு சொல் தெரியாது. நாலரைக்கே கிளம்பினால் நல்லது, நேரம் ஆக ஆகக் காற்று படுத்துவிடும் என்று அவன் கிரியோலில் சொன்னான்.

துணிக்கடைக்காரர் மடியிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்தார். ஊரிலிருந்து கப்பலில் வருகிற பஞ்சாங்கம். ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம், ஆறு அடிக்காமல் படகில் கால் வைப்பதில்லை என்றார். நாங்கள் எல்லோரும் தாம்பூலத் தட்டை வைத்துக்கொண்டு துறையில் உட்கார்ந்தோம்.

எனக்கு உள்ளுக்குள் அரித்தது. பகலை எட்டாகப் பங்கு போட்டால் ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பங்கு ராகுவுக்கு. சூரியன் விழும்போதுதான் ராகு எழுந்து போவான். ஊரில் சூரியன் ஆறு மணிக்கு விழலாம். இங்கே தை மாதத்தில் ஏழு மணிவரை நிற்கிறது. ஆகவே ஆறு மணிக்கு ஏறினால் ராகுவையும் கூட ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டும். இத்தனை வருஷமாக இந்தத் தீவில் நம்மவர்கள் தஞ்சாவூர்ச் சூரியனை வைத்துக்கொண்டு நல்ல நேரம் பார்க்கிறார்கள். சொல்ல வாயெடுத்தேன். ராசம்மா என்னைப் பார்த்தாள். மூடிக்கொண்டேன்.

ஆறு மணிக்கு ஏறினோம். துணிக்கடைக்காரர், அவர் மனைவி, பையன். இந்தப் பக்கம் நான், அலமேலு, ராசம்மா, சிவகாமி. மாப்பிள்ளை வீட்டார் ஒரு பலகை, பெண் வீட்டார் எதிர்ப் பலகை என்று துணிக்கடைக்காரர் வகுத்தார். நல்ல பருமன் அவர். படகு அவர் பக்கம் சாய்ந்தது. பாஸ்கால் அவரைக் கையைப் பிடித்து எங்கள் பலகைக்கு நகர்த்தினான், சிவகாமியை அந்தப் பக்கம் அனுப்பினான். பாய் திரும்பும்போதெல்லாம் குனிய வேண்டும், பக்கம் மாறி உட்கார வேண்டும். ஒரு தடவை பார்த்தால் மாப்பிள்ளையின் அம்மா என் தோளோடு தோள் உட்கார்ந்திருக்கிறாள். பாஸ்காலுக்குச் சம்பந்தி வரிசை எல்லாம் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது யார் எத்தனை கனம் என்பது மட்டும்தான்.

அந்தக் கலாட்டாவில் சிவகாமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பையனும் சிரித்தான். பார்க்க லட்சணமான பிள்ளை, பொய் சொல்ல மாட்டேன். இது நடந்துவிடும் என்றே தோன்றியது. என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

5

பாலம் வரை போய்த் திரும்பி வருகையில் காற்று படுத்துவிட்டது. பாய் துவண்டு தொங்கியது. படகு நின்ற இடம் அந்த மதிலுக்கு நேரே.

இப்போது அதில் யாரும் இல்லை. கதவு போய்விட்டது. மதில் மட்டும் நிற்கிறது, சாயங்கால வெயில் அதன்மேல் விழுந்து பளபளத்தது. ராசம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே பலகையில் துணிக்கடைக்காரர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, பொழுது போவதற்காக மதிலைக் காட்டிப் பேச ஆரம்பித்தார்.

"அந்தக் காலத்துல வேலைக்குப் பயந்து ஊர் சுத்தின பயலுகள அங்கதான் அடைச்சு வெச்சாங்க. நல்ல காரியம்தான். இல்லேன்னா அதுகளால நம்ம சனத்துக்கே கெட்ட பேரு."

நாக்கைக் கடித்துக்கொண்டேன். பொய்யில்லை, உண்மையாகவே பல் பதியக் கடித்தேன். வாக்கு வாக்குதான். என் மகள் வாழ்க்கை இந்தப் படகில் இருக்கிறது. ஒரு சாயங்காலம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வாக்குக் கொடுத்தது நான். அலமேலு கொடுக்கவில்லை. தாம்பூலத் தட்டு அவள் மடியில் இருந்தது. அதை நகர்த்தாமல், குரலை உயர்த்தாமல் பேசினாள்.

"நான் மாப்பிள்ளை பாத்ததே அங்கதாங்க."

துணிக்கடைக்காரருக்கு விளங்கவில்லை. அலமேலு விளக்கினாள். தன்னைப் பார்க்க வந்த மாப்பிள்ளை உள்ளே இருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் அவளுடைய அப்பா சம்பந்தம் வேண்டாம் என்றாராம். இவள் தண்ணீர் எடுக்கிற சாக்கில் குடத்தோடு கரைக்கு வந்து நின்றிருக்கிறாள். திறந்த கதவு வழியே, உள்ளே இருந்தவர்களைக் கஞ்சி குடிக்க வரிசையாக உட்கார வைத்திருந்தது தெரிந்ததாம். வரிசையில் ஒருவன் மட்டும் எழுந்து நின்று காவல்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தானாம். காவல்காரன் பெயரைச் சொல்லித் திட்டியதில், பெண் பார்க்க வந்த ஆள் இவன்தான் என்று தெரிந்துகொண்டாளாம்.

"கஞ்சியில உப்பில்லேன்னு சண்டை. உள்ள கெடக்குறப்பவே உப்புக்குச் சண்டை போடுற ஆளு, வெளிய வந்தா பொண்டாட்டிய உப்பில்லாம வெக்கமாட்டான்னு தெரிஞ்சுது. வீட்டுக்குப் போய் எங்கப்பாகிட்ட இவருதான்னு சொல்லிட்டேன்."

அந்தச் சண்டை எனக்கு மறந்தே போயிருந்தது. அடி வாங்கியது மட்டும்தான் நினைவிருந்தது. ஒரு பெண் குடத்தோடு நின்று அதைப் பார்த்தாள் என்பது இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது. நடு ஆற்றில், அந்நியர் முன்னால், எனக்கு அழுகை வந்துவிட்டது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன், வியர்வை என்று நினைத்துக்கொள்ளட்டும்.

துணிக்கடைக்காரர் முகம் போன போக்கைச் சொல்ல வேண்டாம். எழுந்து போக நினைத்தார். எங்கே போவது? காற்றில்லை, சுற்றிலும் தண்ணீர். இதை முன்பே சொல்லியிருக்க வேண்டாமா, எங்களை ஏமாற்றப் பார்த்தீர்களா என்று ராசம்மாவை நோக்கிக் கேட்டார். அவள் தலை குனிந்தாள். நான் அப்போது வாயைத் திறந்தேன். நான் உள்ளே போனது வேலைக்குப் பயந்து அல்ல, என் கல் குவியலை வந்து பாருங்கள் என்றேன். இன்னும் சிலது சொன்னேன். தஞ்சாவூர் ராகுவையும் விடவில்லை. இப்போதும் நம்மோடு உட்கார்ந்திருக்கிறான் ஐயா, இன்னும் சூரியன் விழவில்லை, பாருங்கள் என்று மேற்கே கையைக் காட்டினேன்.

இதற்கு நடுவே சிவகாமி பையனைப் பார்த்துக் கிரியோலில் ஏதோ கேட்டாள். அவள் கேட்டது எனக்கு நன்றாக விளங்கியது. உன்னை அங்கே உட்கார வைத்து உப்பில்லாத கஞ்சி ஊற்றினால் நீ கேட்பாயா என்று கேட்டாள்.

பையன் அப்பாவைப் பார்த்தான். அப்பா மதிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். பையன் மறுபடி அப்பாவையே பார்த்தான்.

சிவகாமி அம்மாவின் மடியிலிருந்த தட்டின்மேல் துணியை இழுத்து மூடினாள்.

"மோ பா ஊலே" என்றாள். எனக்கு வேண்டாம் என்று அர்த்தம். பிறகு, அது எல்லோருக்கும் விளங்க வேண்டும் என்றுதானோ என்னவோ, தமிழிலும் சொன்னாள். "வேணாம், அம்மா."

பாஸ்கால் துடுப்பை எடுத்தான். சூரியன் கடலில் விழுந்ததை ஒருவரும் பார்க்கவில்லை.

6

அதன் பிறகு பட்டணம் முழுக்கப் பேச்சு. ராசம்மாவின் மாமியார் சில நாள் குத்திக் குத்திப் பேசினாளாம். ராசம்மா தீபாவளிக்குக்கூட எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அது எனக்கு வலித்தது. அவள் பக்கமும் நியாயம் இருந்தது. வாழ்கிற வீட்டில் தலைநிமிர்ந்து நடக்க நினைத்தாள், அவ்வளவுதான். ஆனால் எங்களைக் குனிய வைத்துத்தான் அவள் நிமிர முடியும் என்றால், அதற்கு நான் ஆள் இல்லை. இதை அவளுக்குச் சொல்லியனுப்பினேன். பதில் வரவில்லை.

சிவகாமிக்கு வயது ஏறிக்கொண்டு போனது. கோவிலில் பெண்கள் அவளைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். அவள் அசையவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் போட்டாள். இனி யார் பெண் பார்க்க வந்தாலும் முதலில் அந்தப் படகில் ஏற வேண்டும், அந்த மதில் பக்கம் போக வேண்டும். எவனடி வருவான் என்று அலமேலு கேட்டாள். வராதவன் வேண்டாம் என்று மகள் சொல்லிவிட்டாள். அப்பனைக் கொண்டு பிறந்திருக்கிறது என்று பழி என் தலையில்.

7

போன ஞாயிற்றுக்கிழமை குட்லண்ட்ஸ் என்ற ஊரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. எங்களைப் போலச் சின்னத் தோட்டக்காரர்கள். தகப்பனார் பெயர் ரங்கசாமி, என் வயது, காய்ப்பேறிய கை. படகு என்றதும் ஏன் என்று கேட்கவில்லை.

இந்தத் தடவை நாலரைக்கே ஏறினோம். ராகு காலம் ஆயிற்றே என்றார் ரங்கசாமி. வேண்டுமானால் ராகு பின்னால் நீந்தி வரட்டும் என்றேன். சிரித்துவிட்டுக் காலை வைத்தார்.

துறையில் எதிர்பாராமல் ராசம்மா நின்றிருந்தாள். கையில் மல்லிகைப் பூ. அம்மாவிடம் கொடுத்துவிட்டு எங்களோடு ஏறிக்கொண்டாள். மாமியாரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தாளா என்று அலமேலு கேட்டதற்கு, எங்கே போகிறேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டு வந்தேன் என்றாள்.

காற்று நன்றாக இருந்தது. பாய் புடைத்துக்கொண்டு நின்றது. சிவகாமி தூக்குச்சட்டியைத் திறந்து எல்லோருக்கும் சுண்டல் கொடுத்தாள். மதில் தெரிந்ததும் ராசம்மா என் கையைத் தொட்டாள்.

"சொல்லுங்கப்பா."

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். அதற்குள் ரங்கசாமி எழுந்து நின்றுவிட்டார். படகு ஆடியது. பாஸ்கால் உட்காரச் சொல்லிக் கத்தினான். அவர் காதில் விழவில்லை. தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு மதிலையே பார்த்தார்.

"நான் அங்க கல்லு சொமந்தேன்" என்றார். "இன்னும் கெடக்குது பாருங்க."

நானும் எழுந்தேன். எந்த முற்றத்தில் என்று கேட்டேன். கிணற்றுப் பக்கம் என்றார். கிணறு ஏது, நாங்கள் ஆற்றிலிருந்துதானே தண்ணீர் சுமந்தோம் என்றேன். அது உங்கள் காலத்தில், பிறகு தோண்டினார்கள், தோண்டியதே நான்தான் என்றார். கதவு பாலத்தைப் பார்த்து இருந்தது என்றேன். இல்லவே இல்லை, கடலைப் பார்த்து என்றார். நான் உள்ளே போனவன், எனக்குத் தெரியாதா என்றேன். நான் மட்டும் வெளியிலிருந்தா பார்த்தேன் என்று அவரும் விடவில்லை. ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, மதிலைக் காட்டிக் காட்டி, ஆறு முழுக்கக் கேட்கச் சண்டை போட்டோம்.

எங்களுக்குப் பின்னால் நடந்ததை நான் பார்க்கவில்லை, பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். எல்லோரும் சுண்டலைப் பேசாமல் தின்றிருக்கிறார்கள். அலமேலு ஒரு வாய் போட்டதும் மகளை முறைத்திருக்கிறாள். ரங்கசாமியின் மகன் மட்டும் ஒரு வாய் மென்றுவிட்டு, சிவகாமியை நேராகப் பார்த்துச் சொன்னானாம்.

"இதுல உப்பே இல்லீங்களே."

சிவகாமி இடுப்பிலிருந்து உப்புப் பொட்டலத்தை எடுத்து அவனிடம் நீட்டினாளாம்.

"என்னங்க" என்று அலமேலு என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். "இங்க தட்டு மாத்தியாச்சு. ரெண்டு பேரும் உக்காருங்க, படகு சாயுது."

நாங்கள் உட்காரவில்லை.